நூலகத்தைப் பூட்டாமல் படிப்பது

தமிழ்நாட்டில் ஒரு கலைக் கல்லூரி நூலகரிடமோ கிளை நூலகரிடமோ "அடுத்த மாதம் அஞ்சு நாள் பயிற்சி இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பாடம், யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான். "அந்த அஞ்சு நாளும் லைப்ரரிய யார் பாத்துக்குவா?" என்பதே முதலில் வரும் கேள்வி. பல இடங்களில் நூலகர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அந்த உதவியாளர் பணியிடமும் காலியாகக் கிடக்கும் நூலகங்கள் உண்டு. அங்கே நூலகர் வெளியூர் போனால் நூலகமே பூட்டிக்கிடக்கும்.

நூலகர்களுக்கான தொடர்பயிற்சி என்றதும் நேரடி வகுப்பா ஆன்லைனா என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அவரால் எத்தனை நாள் தொடர்ச்சியாக நூலகத்தை விட்டு வெளியே இருக்க முடியும்? திரும்பிப் போனதும் கற்றதைத் தன் நூலகப் புத்தகங்களிலேயே செய்து பார்க்க முடியுமா? இந்த இரண்டுக்கும் பொருந்திவரும் பயிற்சிக்கு நூலகர்கள் சொந்தச் செலவில் பஸ் ஏறியும் வருகிறார்கள். பொருந்தாத பயிற்சிக்கு, அது இலவசமாகவே இருந்தாலும், பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையின் முதல் பயிற்சியே இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தொடங்கியது. 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் முயற்சியில் 1929இல் கோடைக்கால வகுப்பாக நூலகப் பயிற்சியைத் தொடங்கியது. 1931இல் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பள்ளியும் கல்லூரியும் மூடியிருக்கும் கோடையில் வகுப்பு வைத்தால்தான் வேலையில் இருப்பவர்கள் வர முடியும். இன்று பயிற்சி நடத்துகிறவர்கள் தேதி குறிக்கும்போது இந்தச் சின்ன விஷயத்தைத்தான் அதிகமாக மறக்கிறார்கள்.

தேதி குறிப்பது

கல்லூரி நூலகருக்கு ஜூன், ஜூலை மாதங்கள் புதிய மாணவர் சேர்க்கை, உறுப்பினர் அட்டை வேலையில் போய்விடும். மார்ச்சில் நிதியாண்டு முடிவு: புத்தக பில்களை 31ஆம் தேதிக்குள், நூலகத்துக்கு வரும் புத்தகங்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும். அதே சமயத்தில் கடைசியாண்டு மாணவர்கள் "நோ டியூ" கையெழுத்துக்கு வரிசையில் நிற்பார்கள். மே மாதம் இருப்புச் சரிபார்ப்பு. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் அந்தப் பருவம் முழுக்க எதுவும் நடக்காது.

பொது நூலகருக்கு நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. அதற்கு முந்தைய வாரம் அழைப்பிதழ், போட்டி, வாசகர் வட்டக் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருப்பார். ரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்டு 12ஐ ஒட்டி எல்லாச் சங்கங்களும் எல்லாக் கல்லூரிகளும் ஒரே வாரத்தில் கருத்தரங்கு வைப்பதும் ஒரு சிக்கல். ஒரே நூலகருக்கு ஒரே நாளில் மூன்று அழைப்பு வரும், மற்ற மாதங்களில் ஒன்றும் வராது.

ஆக, செப்டம்பரும் டிசம்பர் தொடக்கமும் ஓரளவு வசதியானவை. கிழமையையும் பார்க்க வேண்டும். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை, கல்லூரிகளுக்கு ஞாயிறு. இரு தரப்பையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்க நினைத்து சனி, ஞாயிறு என்று வைத்தால் கிளை நூலகர்கள் இரண்டு நாளும் விடுப்புப் போட வேண்டியிருக்கும். வெள்ளி, சனி என்று வைத்தால் இருவருக்கும் ஆளுக்கு ஒரு நாள்தான் பணிநாள் கழியும், அதுவும் கல்லூரிக்குச் சனிக்கிழமை விடுமுறையாக இருந்தால் மட்டும். இதைச் சொல்லிக் கேட்டால் பணி விடுவிப்பு ஆணை கொடுக்கிறவரும் எளிதில் ஒத்துக்கொள்வார்.

எந்தப் பாடத்துக்கு எந்த முறை

கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியவற்றை நூலகர்கள் ஆன்லைனில் கற்கவே விரும்புகிறார்கள், அதுதான் சரியும்கூட. பதிப்புரிமைச் சட்டத்தில் நகலெடுக்கும் வரம்பு, கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளின் அறிக்கையைப் படிப்பது, இன்ஃப்ளிப்நெட் நிறுவனத்தின் என்-லிஸ்ட் மின்னிதழ்ச் சேவை, சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம் போன்றவற்றின் பயன்பாடு, ஆய்விதழ்களின் தரத்தைப் பார்ப்பது ஆகியவற்றுக்கு 300 கிலோமீட்டர் பயணம் தேவையில்லை. ஒன்றரை மணி நேர வகுப்பு, அதன் பதிவு, இரண்டு பக்கக் குறிப்பு இருந்தால் போதும்.

பதிவு இருப்பது மிக முக்கியம். வகுப்பு நடக்கும்போதே கவுன்ட்டரில் புத்தகம் திருப்ப ஆள் வந்து நிற்பார். பாதிக் கவனத்தில் கேட்டதை இரவில் மீண்டும் பார்க்கத்தான் பதிவு. இரண்டரை மணி நேரப் பதிவை அப்படியே யூடியூபில் போட்டுவிட்டால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று தெரியும்படி தலைப்பு வைத்தால் தேவைப்படும் துண்டை மட்டும் பார்ப்பார்கள். "அமர்வு 3 – பகுதி 2" என்ற தலைப்பால் பயனில்லை. "தாமதக் கட்டணத்தை எப்படி அமைப்பது" என்று வையுங்கள்.

நேரலையை மாலை 7 மணிக்கு வைப்பதையே பலரும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நூலகர்களில் பெண்கள் நிறைய, அவர்களில் பலருக்கு அது அடுப்படி நேரம். பேரைப் பதிந்துவிட்டு போனை மேடையில் சாத்திவைத்துக் கேட்பதுதான் நடக்கும். பகல் 2.30 முதல் 4 வரை வாசகர் வரத்துக் குறைந்த நேரம். நூலகத்தில் இருந்தபடியே கேட்கலாம், கணினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தின் படிப்புகளில் வீடியோ, படிக்கும் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல் என நான்கு பகுதிகள் இருக்கும். 2018இல் அதே தளத்தில் தொடங்கிய ஆர்பிட் புத்தாக்கப் பயிற்சி 40 மணி நேரம் கொண்டது. பதவி உயர்வுக்கு வேண்டியதை வீட்டிலிருந்தே படித்துவிட முடிந்ததால் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. இத்தகைய படிப்புகளைப் பாதியில் விடுபவர்கள் விடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான். நாலைந்து பேர் ஒரு வாட்ஸாப் குழு வைத்துக்கொண்டு, "இந்த வாரப் பயிற்சி முடிச்சாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால் கடைசிவரை போய்விடலாம்.

கையால் செய்ய வேண்டியவற்றுக்கு ஆன்லைன் ஒத்துவராது. ஓலைச்சுவடியைத் துடைத்து லெமன்கிராஸ் எண்ணெய் தடவுவதை வீடியோவில் ஆயிரம் முறை பார்த்தாலும், எவ்வளவு அழுத்தினால் ஓலை விளிம்பு முறியும் என்பது விரலுக்குத்தான் தெரியும். எழுத்தாணியால் கீறிய ஓலையைத் துடைப்பதும் மையால் எழுதிய ஓலையைத் துடைப்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் ஈரத் துணி பட்டால் எழுத்தே போய்விடும். பழைய புத்தகம் தைப்பதும் அப்படித்தான். அடுத்து வருவது, இன்று அதிகம் பேர் கேட்டு வரும், கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருளுக்கான பயிற்சி.

கோஹா பயிலரங்கில் என்ன தவறிப்போகிறது

கோஹா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற இடத்து நூலகத்துக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மே மாதமும் நவம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. அதனால் ஒரு முறை கற்றுவிட்டு முடித்துக்கொள்ள முடியாது. கோஹா பயிலரங்கு என்றால் இடம் நிரம்பிவிடுவதும் அதனால்தான்.

ஆனால் வழக்கமான ஐந்து நாள் பயிலரங்கில் முதல் நாள் காலை தொடக்க விழாவுக்குப் போகிறது, கடைசி நாள் மதியம் நிறைவு விழாவுக்குப் போகிறது. நடுவில் ஒரு முழு நாள் மென்பொருளை நிறுவுவதிலேயே கழிகிறது. 30 பேர் ஒரே வைஃபையில் டெபியன் இயங்குதளத்தையும் கோஹாவையும் இறக்கத் தொடங்குவார்கள். ஒருவருக்கு 500 எம்.பி. என்று குறைவாக வைத்தாலும் 15 ஜி.பி. மதியச் சாப்பாடு வரை எல்லோரும் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தனி நூலகருக்கு நிறுவுவது அன்றாட வேலை இல்லை. அதை ஒரு முறை யாராவது செய்துகொடுத்துவிடலாம். அன்றாடம் வேண்டியது புத்தகத்தை ஏற்றுவது, வழங்குவது, பேக்கப் எடுப்பது, கெட்டுப்போனால் மீட்பது.

இதற்கு நல்ல வழி, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸுக்கான, கோஹா நிறுவிய ஒரு கோப்பை முன்கூட்டியே தயார்செய்து பென் டிரைவில் கொடுத்துவிடுவது. வந்த அரை மணி நேரத்தில் எல்லோருடைய மடிக்கணினியிலும் கோஹா ஓட வேண்டும். அதிலும் இடறும் இடங்கள் உண்டு.

அந்தக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டினால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் அதை ஏற்காது. டிரைவில் 20 ஜி.பி. காலியாக இருந்தாலும் "கோப்பு பெரிது" என்று மறுக்கும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில மடிக்கணினிகளில் பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் மட்டும் தெரிந்து 64 பிட் தெரியவில்லை என்றால் அதுதான் காரணம். பயிலரங்குக்கு ஒரு வாரம் முன்பே பங்கேற்பாளர்களைச் சோதித்துக்கொள்ளச் சொல்லி, எந்தக் கம்பெனி மடிக்கணினிக்கு எந்தச் சாவியை அழுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அன்று காலை ஒரு மணி நேரம் மிச்சம். 8 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் கோஹாவுக்கு 4 ஜி.பி. கொடுக்கலாம். 4 ஜி.பி. மட்டுமே உள்ள கணினி என்றால் அவரைப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தவிப்பார்.

கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வைத்தால் வேறு பிரச்சினை. பல ஆய்வகங்களில், கணினியை ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திருப்பும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளைப் போட்டிருப்பார்கள். மறுநாள் காலை கணினியைத் திறந்தால் முந்தைய நாள் செய்தது எதுவும் இருக்காது. ஒரு நாள் முழுக்க ஏற்றிய புத்தகங்கள் காணாமல் போனதைப் பார்த்தவருக்கு அந்த மென்பொருள் மேலேயே நம்பிக்கை போய்விடும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லி அந்த நாட்களுக்கு அதை நிறுத்திவைக்க வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்த ஒருவரும் அறையில் இருக்க வேண்டும். மற்ற நூலகங்களின் பட்டியலிலிருந்து பதிவை இறக்கிக்கொள்ள உதவும் இசட்39.50 தேடலும் கல்லூரி வளாகத்தில் பெரும்பாலும் ஓடாது, ஏனென்றால் அது வழக்கமாகப் பயன்படுத்தும் 210ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுத்திருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

கற்றுத்தரும் வரிசையிலும் ஒன்று உண்டு. முதலில் நூலகக் குறியீடு, பிறகு புத்தக வகைகள், பிறகு உறுப்பினர் வகைகள், அதற்குப் பிறகுதான் வழங்கல் விதிகள். இந்த மூன்றும் இல்லாமல் விதியை எழுத முடியாது, விதி இல்லாமல் கோஹா புத்தகத்தை வழங்காது. "எல்லாம் சரியாத்தான் போட்டேன், ஆனா இஷ்யூ ஆக மாட்டேங்குது" என்று பிறகு வரும் போன்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாட்காட்டியில் வார விடுமுறையைக் குறிப்பதும் அதே மூச்சில் சொல்லித்தர வேண்டியது. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமையைக் குறிக்காவிட்டால் திருப்பும் தேதி பூட்டிய நாளில் விழும்.

அவரவர் புத்தகம், அவரவர் பட்டியல்

மாதிரித் தரவை வைத்துச் சொல்லித்தரும் பயிற்சியில் எதுவும் தவறாது. ஊருக்குப் போய்த் தன் எக்செல் கோப்பைத் திறக்கும்போதுதான் எல்லாம் தவறும். அதனால் பதிவுப் படிவத்திலேயே ஒரு நிபந்தனை போட்டுவிடலாம்: தங்கள் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து 50 புத்தகங்களை எக்செலில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், அதில் குறைந்தது 20 தமிழ்ப் புத்தகங்கள் இருக்க வேண்டும். இந்த 50இல் நூலகத்தின் எல்லாச் சிக்கலும் வந்துவிடும். 5,000 தேவையில்லை.

முதலில் தெரிவது எண்கள். 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எக்செல் பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறிப்பாகச் சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. 00125 என்ற சேர்க்கை எண் 125 ஆகிவிடும். பார்கோடில் 00125 என்று ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்யும்போது "அப்படி ஒரு புத்தகம் இல்லை" என்று வரும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

அடுத்தது தமிழ். சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் தலைப்பு முழுவதும் கேள்விக்குறிகளாக மாறும். சேமிக்கும்போது "சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பட்டியல்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே அடியாக மாற்றினால், ஆங்கிலத்தில் இருக்கும் பதிப்பகப் பெயரும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே நகலெடுத்து மாற்றி, மீண்டும் அதே வரிசையில் ஒட்ட வேண்டும். நடுவில் வரிசையைக் கலைத்துவிட்டால் ஒருவர் நூல் இன்னொருவர் பெயரில் போய்விடும் என்பதால், முதல் பத்தியில் வரிசை எண் போட்டுக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத தவறும் இருக்கிறது. "கௌரி" என்று சரியாகத் தட்டலாம். அதையே க, எகரக் கொம்பு, பிறகு "ள" என்ற எழுத்து என்று "கெளரி" ஆகவும் தட்டலாம். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். வாசகர் தேடும் கணினிப் பட்டியலான ஓபேக்கில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. "ஔவையார்" என்பதை "ஒளவையார்" என்று தட்டியிருப்பது தமிழ்ப் பட்டியல்களில் அடிக்கடி கிடைக்கும். 50 புத்தகத்தில் இந்த ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திய நூலகர் வாழ்நாளுக்கும் அதை மறக்க மாட்டார்.

சீர்செய்த பட்டியலை மார்க்எடிட் என்ற மென்பொருள் கொண்டு, நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21 கோப்பாக மாற்ற வேண்டும். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண்: ஆசிரியர் 100, தலைப்பு 245, பக்க விவரம் 300, பொருள் தலைப்பு 650. கோஹாவுக்கு மட்டும் உரியது 952. இதில்தான் எந்த நூலகம், என்ன வகை, பகுப்பு எண், பார்கோடு எல்லாம் இருக்கும். 952இல் எழுதிய நூலகக் குறியீடும் கோஹாவில் உருவாக்கிய குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லையென்றால் புத்தகப் பதிவு ஏறிவிடும், பிரதி ஏறாது. ஓபேக்கில் தலைப்பு தெரியும், "பிரதிகள் இல்லை" என்றும் தெரியும். ஒரே பார்கோடு இரண்டு வரிசையில் இருந்தாலும் இரண்டாவது பிரதி விடுபடும். ஏற்றிய பிறகு எத்தனை தலைப்பு, எத்தனை பிரதி என்று எண்ணி, எக்செல் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை அந்த வகுப்பிலேயே ஏற்படுத்த வேண்டும்.

ஏற்றி முடித்த பின்னும் தமிழ்ச் சொல்லைத் தேடினால் விடை வராமல் இருக்கலாம். கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ரா, இயல்பாக லத்தீன் எழுத்துகளுக்கான எழுத்துப் பட்டியலை வைத்துத்தான் சொற்களைப் பிரிக்கிறது. ஜீப்ராவின் அட்டவணைக் கோப்பில் அந்தப் பட்டியலைக் குறிக்கும் வரியை நீக்கி, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. முறையைக் குறிக்கும் வரியைப் போட்டு, எல்லாப் பதிவுகளையும் மீண்டும் முழுமையாக அட்டவணைப்படுத்த வேண்டும். இந்த ஒரு மாற்றம் தெரியாமல் "கோஹாவில் தமிழ் தேடாது" என்று முடிவுகட்டி, தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஏற்றிவைத்திருக்கும் நூலகங்கள் உண்டு. அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேடி எடுக்க முடியாத பட்டியல் வாசகருக்கு எதற்கு?

பார்கோடு ஒட்டுவதில் இரண்டு. 65 சீட்டுகள் கொண்ட ஏ4 தாளில் அச்சிடும்போது பிரின்டர் அமைப்பில் "பக்கத்துக்குப் பொருத்து" என்றிருந்தால் மேல்வரிசை சரியாக விழும், கீழே போகப் போக நகர்ந்து கடைசி வரிசையில் கோடு வெட்டுப்படும். 100 சதவீதம் என்று வைத்து, முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு, சீட்டுத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னொன்று ஸ்கேனர். அது கணினிக்கு இன்னொரு கீபோர்டு மாதிரிதான். தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுத்தாமல் ஸ்கேன் செய்தால், பார்கோடின் முன்னால் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்து விழும். ஸ்கேனர் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ் பற்றி

சான்றிதழுக்காகப் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று நூலகர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கல்லூரி நூலகரின் பதவி உயர்வு அதில் தொங்குகிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10ஆம் ஊதிய நிலையிலிருந்து 11ஆம் நிலைக்குப் போக, முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5 ஆண்டு, இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். அதோடு 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றும், நூலகத் தானியங்கல், எண்மமாக்கம் சார்ந்த குறைந்தது 5 நாள் பயிற்சியோ பயிலரங்கோ ஒன்றும் வேண்டும்.

2020 ஊரடங்கில் ஒரு மணி நேர வெபினார்கள் குவிந்தன. கடைசியில் வரும் கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்னஞ்சலில் சான்றிதழ். அப்படி நூறு சான்றிதழ் வைத்திருந்தாலும் அவற்றைக் கூட்டி "5 நாள்" ஆக்க முடியாது. பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை: தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் சான்றிதழில் இருக்குமா, நாட்களின் எண்ணிக்கை தெளிவாக வருமா, நடத்துவது யார். கோப்பில் சான்றிதழை மட்டும் வைக்காமல் அறிவிப்பு மடல், நிகழ்ச்சி நிரல், பணி விடுவிப்பு ஆணை, வருகைச் சான்று ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆறு வருடம் கழித்துக் குழு கேட்கும்போது நடத்திய கல்லூரியில் அந்த ஒருங்கிணைப்பாளரே இருக்க மாட்டார். படிவத்தில் பெயரை எப்படித் தட்டுகிறீர்களோ அப்படித்தான் அச்சாகும், எனவே பணிப் பதிவேட்டில் இருக்கும் இனிஷியலோடு அப்படியே எழுதுங்கள்.

பொது நூலகருக்கு இந்தக் கணக்கு இல்லை. அவர் வருவது வேலை எளிதாகும் என்ற நம்பிக்கையில்தான். நடத்துகிறவர்கள் 5 நாள் என்ற யு.ஜி.சி. அளவையே எல்லோருக்கும் வைப்பதால் ஊர்ப்புற நூலகர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். 5 நாளை 2, 2, 1 என்று மூன்று வாரத்தில் பிரித்து வைத்தால் கல்லூரி நூலகருக்கும் நாள் கணக்கு வரும், கிளை நூலகரும் முதல் இரண்டு நாளுக்காவது வர முடியும். இடைவெளியில் அவரவர் நூலகத்தில் 200 புத்தகம் ஏற்றிப் பார்த்துவிட்டு, எங்கே மாட்டிக்கொண்டோம் என்ற பட்டியலோடு அடுத்த அமர்வுக்கு வருவார்கள். தொடர்ச்சியான 5 நாளில் கேட்கவே தோன்றாத கேள்விகள் அந்தப் பட்டியலில் இருக்கும்.

மூன்றாவது வாரம்

பயிலரங்கு முடிந்த மறுநாள் வாட்ஸாப் குழுவில் நன்றிச் செய்திகள் வரும், பத்தாம் நாள் குழு அமைதியாகிவிடும். உண்மையான சந்தேகம் வருவது அதற்குப் பிறகு. குழுவில் "கோஹா வேலை செய்யவில்லை" என்று மட்டும் போட்டால் யாரும் உதவ முடியாது. கேட்கும்போது நான்கு விவரம் சேர்த்துக் கேட்கப் பழக்க வேண்டும்: கோஹா பதிப்பு எண், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் வந்த செய்தியின் முழுப் படம், அதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலிலேயே பாதித் தீர்வு இருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் எல்லோரையும் கூப்பிடுங்கள். புதிய பாடம் வேண்டாம். ஒரே ஒரு பயிற்சி: பேக்கப்பை மீட்பது. கோஹா தினமும் தானாகவே ஒரு பிரதி எடுத்துவைக்கும், ஆனால் அதே கணினியின் அதே வட்டில், கடைசி இரண்டு நாளுக்குரியதை மட்டும். வட்டு போனால் அதுவும் போகும். எனவே வாரத்துக்கு ஒரு நாளாவது அந்த இரண்டு கோப்புகளையும், தரவுத்தளத்தையும் அமைப்புகளையும், வேறொரு கணினிக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ நகலெடுக்க வேண்டும். பிறகு பயிலரங்கில் வாங்கிப்போன அதே பென் டிரைவ் கோஹாவில், வேண்டுமென்றே பழைய தரவை அழித்துவிட்டு, கோஹா-ரெஸ்டோர் கட்டளைக்கு இரண்டு கோப்புகளையும் கொடுத்து மீட்கச் சொல்லுங்கள். முதலில் தரவுத்தளக் கோப்பு, இரண்டாவது அமைப்புக் கோப்பு. வரிசை மாறினால் ஓடாது. முடிந்ததும் முழு அட்டவணைப்படுத்தலை ஒரு முறை ஓட்டிவிட்டு, நேற்றுச் சேர்த்த கடைசித் தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பை ஓபேக்கில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.